அம்மாவின் தலையை அலசிவிட்ட அக்காவுக்கு

மாண்டலே தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரி மோர்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டவெளியிலேயே காலுக்குக் கட்டுப்போட்ட டாக்டர்கள், தாதிகள், சோற்றுப் பொட்டலம் சுமந்துவந்த கோயில் பிள்ளைகள், பாய் கொடுத்த பௌத்த மடத்தார், யாங்கோனிலிருந்து மருந்து அனுப்பிய மாமா, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வார்டு கூட்டித் துடைக்கும் ஓர் அக்காவுக்காக. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கொளுத்தும் வெயிலில் மரத்தடியில் வரிசையாக நோயாளிகள். அம்மாவின் முடியெல்லாம் சுண்ணாம்புத் தூசி அப்பிக்கிடந்தது. அரிப்பில் தூக்கமே இல்லை. குடிக்கவே தண்ணீர் தேடும் நேரத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா தானாகவே கவனித்தார். எங்கிருந்தோ அரை வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். கைலியை மடித்து அம்மாவின் கழுத்துக்கடியில் வைத்தார். சீயக்காய் தேய்த்து, சிக்கெடுத்து, அவசரமே இல்லாமல் அலசிவிட்டார். அம்மாவுக்குப் பர்மிய மொழி சரளம். இருந்தும் அப்போது அழத்தான் முடிந்தது.

புத்தாண்டு பிறந்தால் பர்மியர்கள் பெரியவர்களுக்குத் தலை அலசிவிட்டு வணங்குவது நமக்குத் தெரியும். "என் அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் சகாயிங்கில் இருக்கிறாள். ஆவா பாலம் விழுந்ததிலிருந்து நான் போய்ப் பார்க்கவில்லை" என்றார் அக்கா. அவர் பிள்ளைகளும் அப்போது தெருவில்தான் படுத்திருந்தார்கள்.

லிஃப்ட் நின்ற கட்டடத்திலிருந்து நோயாளிகளை முதுகில் சுமந்து இறக்கிய வார்டு பையன்கள், மலச்சட்டி எடுத்தவர்கள், ரத்தத்துணி துவைத்தவர்கள், ராத்திரியெல்லாம் கண்விழித்த வாட்ச்மேன்: இவர்களில் ஒருவருக்காவது நாம் மாலை போட்டிருக்கிறோமா? தானம் கொடுத்தவர் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டுகிற ஊர் இது. இவர்கள் கொடுத்தது அதைவிடக் குறைவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சித்திரை முதல் நாள் பூசையில் முதல் மரியாதை இவர்களுக்கே என்று கோயில் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்களும் சொல்லுங்கள். எங்கள் பருப்பு மண்டியில் மூட்டை தூக்கும் அண்ணன்மாருக்கும் இனி புத்தாண்டு மரியாதை உண்டு. இது நான் கொடுக்கும் வாக்கு.

பர்மியப் புத்தாண்டான ஏப்ரல் 17 காலையில் அக்காவை எங்கள் வண்டியில் சகாயிங்குக்கு அழைத்துப் போகிறோம். சீயக்காய் வாங்கிவிட்டேன். வண்டியில் இடம் இருக்கிறது. அந்தப் பக்கம் அரிசி, தார்ப்பாய், மருந்து கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் அதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் மண்டியில் கொடுத்துவிடுங்கள்.