அண்ணனை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

கொலராடோவில் இருக்கும் நண்பர்களே,

சிறு விமான விபத்தில் அடிபட்ட அண்ணன் இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். விடாமல் விசாரித்துக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

என்ன நடந்தது என்று பலர் கேட்டீர்கள். அவர் போனது நண்பர் ஒருவருடைய இரண்டு பேர் உட்காரும் லைட் ஸ்போர்ட் விமானத்தில். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 கிலோவைத் தாண்டக்கூடாது, அவ்வளவு சின்னது. கொலராடோ மலைகளில் இருக்கும் லெட்வில் ஊரின் விமான நிலையமே 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, வெயில் ஏற ஏற இன்னும் குறையும். கடல் மட்டத்தில் 100 குதிரைத்திறன் தரும் எஞ்சின் 12,000 அடியில் 65 தந்தால் அதிகம். அந்த நிலையில் முகட்டைத் தாண்டிக் கீழே பாயும் காற்றில் மாட்டிக்கொண்டால், எஞ்சினை முழு வேகத்தில் விட்டாலும் விமானம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அவர்களுக்கு நடந்தது அதுதான்.

ஓட்டிய நண்பரைச் சிலர் குறை சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். கடைசிவரை விமானம் கைமீறிச் சுழலாமல் பார்த்துக்கொண்டு, மரங்கள் நிறைந்த சரிவில் அவர் இறக்கியதால்தான் இருவரும் இன்று இருக்கிறார்கள். இன்னொன்றும் செய்திருந்தார். விமானம் விழுந்தால் தானாகவே உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அபாய சிக்னல் கருவியைக் கழற்றிவிட்டு, 406 மெகாஹெர்ட்ஸ் கருவியைப் பொருத்தி, மனைவியின் போன் நம்பரோடு பதிவும் செய்து வைத்திருந்தார். பழைய அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பது 2009 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அதை மட்டும் நம்பிப் பறந்திருந்தால் அன்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

புதுக் கருவியின் சிக்னலைச் செயற்கைக்கோள் பிடித்ததும், ஓட்டிய நண்பரின் மனைவிக்கு ஒரு போன் வந்தது. அது ஃபுளோரிடாவில் டிண்டால் விமானப்படைத் தளத்தில் இருக்கும் மீட்பு மையத்திலிருந்து. எதிர்முனையில் பேசியவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பதறாமல், எங்கே கிளம்பினார்கள், எத்தனை பேர் என்று நிதானமாகக் கேட்டு, உடனே அந்தப் பகுதிக் காவல் பொறுப்பில் இருக்கும் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறார். ஐயா, உங்களுக்கு நன்றி.

அப்புறம் மலையேறி வந்த மீட்புக் குழு. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வேலையைப் போட்டுவிட்டு வந்து, இருட்டில் பாறைச் சரிவில் ஏறி, அண்ணனின் இடுப்பு அசையாமல் கட்டி, குளிரில் விறைத்துவிடாமல் விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மயங்கிவிடக்கூடாது என்று ஒரு பெண் இரவு முழுக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். அம்மா ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் கேட்கிறாள்.

காலையில் ஜிப்சம் என்ற ஊரிலிருந்து தேசியக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தது. உயரமான மலைகளில் ஹெலிகாப்டர் ஓட்டப் படைவீரர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அங்கே இருக்கிறது. எங்கள் விமானத்தை இறக்கிய அதே மெல்லிய காற்றில், ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்தி இருவரையும் கம்பியில் தூக்கினார்கள். யாரும் ஒரு டாலர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். 1967 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் டிரினிட்டி மலைகளில் அவர்களுடைய சிறு விமானம் விழுந்தது. தாயும் பதின்ம வயது மகளும் ஏறக்குறைய இரண்டு மாதம் உயிரோடு காத்திருந்தார்கள். மகள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து அது தெரிந்தது. விமானம் கண்ணில் பட்டது அக்டோபரில். அதற்குப் பிறகுதான் சிறு விமானங்களில் இந்த அபாய சிக்னல் கருவி இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அந்தப் பெண்ணை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டுமா? ரசம் சாதம் கொண்டுவந்தீர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனீர்கள், ஆஸ்பத்திரியில் முறை வைத்து உட்கார்ந்தீர்கள்.

ஒரு வேண்டுகோள். மீட்புக் குழுக்களின் செலவுக்காக மாநில அரசு விற்கும் கோர்சார் அட்டையை, மலைக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் வாங்குங்கள். விலை மிகக் குறைவு. பறக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், அபாய சிக்னல் கருவிக்காகப் பதிவு செய்த போன் நம்பர் இன்னும் சரியானதுதானா என்று இன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கை