வேலுச்சாமிக்கு, பேஸ்பிளேட் விஷயமாக

அன்புள்ள வேலுச்சாமி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். நீ விடமாட்டாய் என்று தெரியும், அதனால் உன் மருமகளிடம் போனில் தனியாகவும் சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது.

பேத்தியின் மூணாவது பிறந்தநாளுக்கு ஒன்றின் மேல் ஒன்று மாட்டுகிற லெகோ பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கலாமா, அவற்றுக்கு அடியில் தரையாக வைக்கிற தகடான பேஸ்பிளேட்டும் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். இந்தக் கோடை லீவு முழுக்க நானும் பேரனும் அதிலேதான் கிடந்தோம்.

முதல் நாளே ஒரு பஞ்சாயத்து. சுவர் நாலையும் எழுப்பிவிட்டு, பேஸ்பிளேட்டையே மாடித்தளமாக மேலே போடப் பார்த்தான், அது சுவரில் மாட்டவில்லை. "தாத்தா, இது கெட்டுப்போச்சு" என்று கொண்டுவந்து நீட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பிப் பார்த்தால், மேலே எங்கெல்லாம் குமிழ் இருக்கிறதோ கீழே அங்கெல்லாம் ஒரு குழி, வேறு எதுவும் இல்லை. உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். கட்டைகள் ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் ஏற்றி இன்ஜெக்‌ஷன் அடித்தவை, இது மட்டும் பாலிஸ்டைரின் என்கிற வேறு பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சின் மேல் வாக்யூமில் இழுத்தது. அதனால் கட்டைகளின் அடியில் இருக்கிற குழாய் இதற்குக் கிடையாது. அந்தக் குழாய்க்கும் பக்கச் சுவருக்கும் நடுவே கீழ்க்கட்டையின் குமிழ் இறுகி உட்காருவதால்தான் பிடிப்பே வருகிறது, லேசாக அழுத்திச் செருகினால் இறுகுகிற நம்ம லைட் பிரஸ் ஃபிட் மாதிரி, குழந்தை கையாலேயே போட்டுக் கழற்றுகிற அளவுக்கு. 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் பில்லுண்ட் ஊரின் லெகோ கம்பெனிக்காரர் காட்ஃபிரட் கிர்க் கிறிஸ்டியன்சன் காப்புரிமைக்கு எழுதிப் போட்டது இந்தப் பிடிப்புக்குத்தான். 1949-லிருந்தே அவர்கள் கட்டை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் உள்ளே வெறும் கூடு, அடுக்கலாம், தூக்கினால் கழன்றுவிடும். நம் வீட்டுத் தகடு இன்னும் அந்தக் கூட்டுக் காலத்திலேயே நிற்கிறது. ஆனால் வாக்யூமில் இழுப்பதால் ஒரு வசதி உண்டு, எழுபதுகளின் கடைசியில் விண்வெளி செட்டுகளுக்கு நிலாப் பள்ளமும் மேடுமாகவே தகடு போட்டிருக்கிறார்கள். படத்தில் பார்த்தேன், கொள்ளை அழகு.

அப்புறம் ஊரை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்றான். நான் பெரிய மனுஷனாட்டம் கடைக்குப் போய், "எல்லாக் கட்டைக்கும் பொருந்தும் சார்" என்று சொன்ன ஒரு தகட்டை மூணில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி வந்தேன். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இதில் அது இல்லை, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். சின்னக் கட்டைகள் நன்றாகத்தான் உட்கார்ந்தன. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் நீளமாகச் சுவர் கட்டி, அதன் மேல் இன்னொரு வரிசையும் போட்டதும் தகடு கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி நடுவில் தூக்கிக்கொண்டது. விடுவேனா? பரணிலிருந்து, நுணுக்கமாக அளவெடுக்கிற 12 அங்குல வெர்னியரை இறக்கினேன். ஒரு வரிசையில் 32 குமிழ், பிட்ச், அதாவது ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை, 8 மி.மீ., குமிழின் விட்டம் 4.8. அப்படியானால் 31 பிட்ச் 248, இரண்டு முனையிலும் அரை அரைக் குமிழ் சேர்த்து 252.8 வர வேண்டும். பழைய தகட்டில் ஏறக்குறைய அதுவே வந்தது. புதியதில் 251.9! குமிழுக்கு 0.03 மி.மீ.கூடத் தேறாது, தனியாகப் பார்த்தால் யார் கண்ணுக்கும் படாது, 31 தடவை சேர்ந்ததும் சுவர் நீளமாகவும் தரை குட்டையாகவும் ஆகிவிட்டது. ஆறுவதற்கு முன்னாலேயே அச்சிலிருந்து உருவியிருப்பான் என்பது என் ஊகம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, கட்டையின் வடிவத்தை டிரேட்மார்க்காக வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2010-ல் சொல்லிவிட்டது, யார் அடித்தாலும் தப்பில்லை. பிட்ச்சைப் பார்த்து அடி என்கிறேன். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், "விளையாட்டுச் சாமானுக்கு வெர்னியரா சார்?" என்று சிரிக்கிறார். திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. வளைவை எடுக்கிறேன் என்று அந்தத் தகட்டை ரப்பர் பசை போட்டு பிளைவுட்டில் ஒட்டினேன். பசையில் இருக்கிற தின்னர் பாலிஸ்டைரினைக் கரைக்கும் என்று எத்தனை பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அரை மணி நேரத்தில் தகடெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. பேரன் ஒன்றும் சொல்லவில்லை, அதை எரிமலை நிலமாக்கிக்கொண்டான்.

கடைசியில் ஒரிஜினலே இன்னொன்று வாங்கி, இரண்டையும் இருபக்க டேப்பில் பலகையில் பதித்தேன். அதற்கு ஒரு முறை உண்டு. ஓரத்தோடு ஓரம் நெருக்கி ஒட்டக் கூடாது. இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி இணைப்பின் மேலே நாலைந்து கட்டைகளை முதலில் குத்திவிட வேண்டும், எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அதைக் கட்டையே வைத்துக்கொள்ளும், பிறகுதான் டேப். இதைக் கண்டுபிடித்தது பேரன்தான், நான் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன்.

உன் பேத்திக்கு இப்போது இது எதுவும் வேண்டாம். டூப்ளோ என்று பெரிய கட்டை வருகிறது, எல்லா அளவும் சரியாக இரட்டிப்பு, பிட்ச் 16 மி.மீ., வாய்க்குள் போட்டுக்கொள்கிற பயம் இல்லை. பின்னால் சின்னக் கட்டை வாங்கினாலும் 2க்கு 4 குமிழ் உள்ள கட்டை டூப்ளோவின் குமிழ் மேல் உட்காரும், ஆகவே வீணாகாது. பேஸ்பிளேட்டுக்கு அவள் ஐந்து வயது ஆகட்டும். அப்போதும் முத்திரை பார்த்து வாங்கு, வெர்னியரை நான் கொண்டுவருகிறேன்.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். இணைப்பின் மேல் குத்திய கட்டைகளை அவன் வரும் வரைக்கும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு, சாப்பாட்டு மேஜையில் பாதி இன்னும் அவன் ஊர்தான். தீபாவளிக்கு வருவான். நீயும் வீட்டம்மாவும் அப்போது வாருங்கள், மேஜையில் மீதிப் பாதி இருக்கிறது.

அன்புடன்,
ராமு
பீளமேடு