இந்த வருடம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவோம்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயா, சபைக் கமிட்டியார், பாடகர் குழுவினர், வாலிபர் சங்கப் பிள்ளைகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கிறிஸ்துமஸ் வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் கூட்டம் வரப்போகிறது. நட்சத்திரம் யார் கட்டுவது, ஒலிபெருக்கிக்கு யார் பொறுப்பு என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அதனால் என் மனதில் இருப்பதை எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

போன வருடம் கேரல் பவனியில் நானும் வந்தேன். ஒரே இரவில் நாற்பது வீடு என்று கணக்கு. அதில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். நாம் வருவது தெரிந்து முன்னறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மேலே துண்டு விரித்து வைத்திருந்தார். நம்மில் ஒருவர்கூட உட்காரவில்லை. நின்றபடியே ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், காணிக்கைப் பெட்டி, அப்புறம் 'அடுத்த வீடு, அடுத்த வீடு' என்று படியிறங்கிவிட்டோம். கடைசியாக வெளியே வந்தது நான்தான். அந்த அம்மா நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை என் கையில் வைத்தார். பின்பக்கம் பென்சிலால் மூன்று பாட்டு எண்கள். "இதெல்லாம் அவர் விரும்பிப் பாடுவார்" என்றார். அவர் கணவர் அந்த வருடம்தான் காலமானார். நாம் பாடிய பாட்டு அந்த மூன்றில் இல்லை.

நாற்பது வீடு வேண்டாம். பதினைந்து போதும். கூட்டம் கூட்டமாகப் போகாமல் ஐந்தாறு பேராகப் பிரிந்து போவோம். போகிற வீட்டில் உட்காருவோம், அவர்கள் கேட்கும் பாட்டைப் பாடுவோம். மற்ற வீடுகளுக்கு வேறு நாளில் போகலாம். காணிக்கை குறையும் என்று பொருளாளர் ஐயா சொல்வார். குறையட்டும். தேவைப்பட்டால் அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உதவி வழங்கும் நிகழ்ச்சி. மேடை, டோக்கன், வரிசை, புகைப்படம். போன முறை பத்து வயதுப் பையன் ஒருவன் புத்தாடைப் பையை வாங்கியதும் அதையே முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். 'பையைக் கீழே இறக்கு தம்பி, முகம் தெரியல' என்று நம்மில் ஒருவர் சொன்னார். இறக்கினான். அந்தப் படம் அறிவிப்புப் பலகையில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று நமக்குச் சொல்லியிருக்கிறதே! யாருக்கு என்ன தேவை என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இருட்டிய பிறகு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஆகமன ஞாயிறுகளில் நாம் ஒவ்வொன்றாக ஏற்றுகிற மெழுகுவர்த்திகளின் கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1833இல் ஒரு விடுதி தொடங்கியவர் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன். பண்டிகை எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும், மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். வருடம் முழுக்கத் தன்னோடு இருந்த பிள்ளைகளுக்காக அவர் ஏற்றிய வெளிச்சம் அது. நாமோ 25ஆம் தேதி இரவே விளக்குகளைக் கழற்றத் தொடங்கிவிடுகிறோம். திருச்சபை நாட்காட்டியில் அன்றைக்குத்தான் பண்டிகைக் காலம் ஆரம்பம். குழந்தை இயேசுவைக் காண ஞானிகள் வந்ததை நினைக்கும் ஜனவரி 6 வரை நமக்கு நாள் இருக்கிறது.

முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர் ஒருவர் என்னிடம் சொன்னார், டிசம்பர் மூன்றாம் வாரம் ஒரே நாளில் மூன்று குழுக்கள் வந்து நிற்கின்றனவாம். ஜனவரியில் வாசல்மணி அடிப்பதே இல்லையாம். நாம் அங்கே போகும் நாளை ஜனவரி முதல் வாரத்துக்கு மாற்றிக்கொள்வோம். பேசுவதற்கு ஆள் இல்லாத நேரத்தில் போய் நிற்போம்.

இன்னொரு விண்ணப்பம். வீட்டில் ஒருவரை இழந்தபின் வரும் முதல் கிறிஸ்துமஸ் எவ்வளவு கனமானது என்பது பட்டவர்களுக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கிச் சிரிக்கும்போது அவர்கள் பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். வெளிநாடுகளில் சில சபைகள் டிசம்பர் 21ஐ ஒட்டி, துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று அமைதியான ஒரு மாலை ஆராதனை வைக்கின்றன. நாமும் வைக்கலாமே. அலங்காரம் வேண்டாம், பிரசங்கமும் நீளமாக வேண்டாம். பெயர்களைச் சொல்லி ஜெபித்தாலே போதும்.

வேலையை உங்கள் தலையில் மட்டும் போடவில்லை. ஜனவரி சந்திப்புகளுக்கு நான் பொறுப்பெடுக்கிறேன். கேரல் பவனியில் ஒரு சிறு குழுவை என்னிடம் விடுங்கள். அந்த நாட்காட்டித் தாள் என் வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. முதலில் அந்த அம்மா வீட்டுக்குத்தான் போகவேண்டும். மூன்று பாட்டு பாக்கி இருக்கிறது.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபை அங்கத்தினர் ஒருவர்