வீட்டிலேயே ஒரு டியோடரண்ட்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு அவள் ஆசைப்பட்ட படிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. இதுமாதிரி கேள்விகளை நீ எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கும் டியோடரண்ட் போட்டாலே அக்குள் எரிகிறது, விலையும் கட்டுப்படியாகவில்லை, வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். ஆனால் பூச்சைப் பற்றிச் சொல்வதற்கு முன் வேறொன்று இருக்கிறது. காசு மிச்சமாவது அங்கேதான்.

வியர்வைக்கு அநேகமாக வாசமே கிடையாது. அக்குளில் இருக்கும் ஒருவகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த நீரை விடுகின்றன. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நாற்றம் கிளம்புகிறது. ஆகவே வியர்வையை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை, பாக்டீரியா பெருகாமல் பார்த்துக்கொண்டால் போதும். குளிக்கும்போது அக்குளுக்குச் சோப்புப் போட்டு, கையால் தேய்த்துக் கழுவு. துண்டால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்து. முடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்டால் சோப்பு தோல்வரை போகும், ஈரமும் தங்காது. இவ்வளவு செய்தாலே பலருக்குப் பூச்சு தேவைப்படாது.

துணியையும் கவனி. பாலியெஸ்டர் பருத்தியைவிட அதிகமாக நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்துக் காயப்போட்ட சட்டையில் ஒன்றும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியை அக்குள் பக்கம் வைத்ததும் சூட்டில் பழைய வாடை எழும்பும். அந்த இடத்தை மட்டும் வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துவிட்டுத் துவை. நாற்றம் உடம்பில் இல்லை, சட்டையில்தான் என்று பல சமயம் தெரியவரும்.

இப்போது பூச்சு. 3 ஸ்பூன் தேங்காய் எண்ணெய், 3 ஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளார்), அரை ஸ்பூன் சமையல் சோடா. அவ்வளவுதான். சோடாவில் கட்டி இருந்தால் முதலில் ஸ்பூனின் முதுகால் நசுக்கிப் பொடியாக்கிவிடு. பிறகு எல்லாவற்றையும் நெருநெருப்பு போகும்வரை குழைத்து, வாயகன்ற சின்ன பாட்டிலில் போட்டு வை. பட்டாணி அளவு எடுத்து விரலால் தடவி, எண்ணெய் தோலில் இறங்கியபின் உடை போடு, இல்லாவிட்டால் கறை படியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். வெயில் காலத்தில் மாவு அடியில் தங்கினால் கலக்கிக்கொள், கெட்டுப்போனதாக நினைக்காதே. எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காதென்றால் மாவோடு துளி சோடா கலந்து பவுடராகவே போடலாம். வியர்வையை இது நிறுத்தாது, ஈரத்தை உறிஞ்சி நாற்றத்தைக் குறைக்கும்.

சோடாவை மட்டும் கூட்டிவிடாதே. இணையத்தில் மாவுக்குச் சரிசமமாகப் போடச் சொல்வார்கள். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டும் pH அளவில் சுமார் 5. சோடா 8-க்கு மேல் போகும் காரம். உன்னைப் போல எரிச்சல் வரும் தோலுக்கு அந்த அளவு ஆகாது. முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார். சிவந்தால் சோடாவே இல்லாமல் செய். சவரம் செய்த உடனே எதையும் பூசாதே. எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்பவர்களை நம்பாதே, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளிக்கலாம். வாசனை எண்ணெய்களும் வேண்டாம் என்பேன். விலை அதிகம், ஒவ்வாமையும் வரலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது படிகாரக் கட்டிதான். நனைத்து, அக்குளில் இரண்டு தடவை தேய்த்து, கட்டியைத் துடைத்துக் காயவைத்துவிடு. மாதக்கணக்கில் வரும். கடையில் விற்கும் வியர்வை அடக்கும் பூச்சுகளைப் போல இதிலும் அலுமினியம் உண்டு, அது இல்லாத பூச்சு என்று யாராவது சொன்னால் தவறு. அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று சுற்றும் செய்தியைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதற்கு உறுதியான சான்று இல்லை, பயப்படாதே. சிறுநீரகக் கோளாறு கடுமையாக உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் ஒன்று. உடம்பு வாடை திடீரென்று மாறினாலோ, இரவில் போர்வை நனையும் அளவுக்கு வியர்த்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பார்த்துவிடு. மகள் விடுதிக்குக் கிளம்பும் தேதியை எழுது. அவளுக்கு ஒரு படிகாரக் கட்டியும் இரண்டு பருத்திச் சட்டைகளும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி