கோட்டுப் படத்தை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள்: செட்டிநாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத் தொடக்கப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பள்ளிகளுக்குள் இப்போது ஓவியர்கள் நுழையத் தொடங்கியிருக்கிறார்கள். யூகேஜி வகுப்புச் சுவரிலேயே வான்கோ, பிக்காசோ படங்களைப் பார்க்கிறேன். சந்தோஷம்தான். நான் வேலை பார்த்த காலத்தில் ஓவிய வகுப்பு என்றால் மாம்பழம், தேசியக் கொடி, இரண்டு மலைக்கு நடுவில் ஒரு சூரியன், அத்தோடு சரி.

ஆனால் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஒரு பள்ளியின் கண்காட்சியில் வான்கோவின் சூரியகாந்திப் பூக்களைக் கோட்டுப் படமாக்கி, ஜெராக்ஸ் எடுத்து, எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுத்து மஞ்சள் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். சுவர் நெடுக ஒரே பூ. கோட்டைத் தாண்டிய இடங்களை டீச்சரே வெள்ளை பூசிச் சரிசெய்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை, வான்கோ பிறந்தது 1853, இறந்தது 1890 என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தது. காதை அறுத்துக்கொண்ட கதையையும் சொன்னது. ஐந்து வயதில் அந்தக் கதை எதற்கு?

நான் கேட்பது இதுதான்: ஓவியரின் பெயரையும் படத்தையும் கொடுப்பதற்கு முன்னால், அவர் செய்த வேலையைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கட்டும். படத்தைக் கடைசியில் காட்டுங்கள். அப்போது பிள்ளை, தன்னைப் போலவே ஒருவர் செய்திருக்கிறாரே என்று அதைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்துவிட்டால் பெயர் தானாக மனதில் தங்கும்.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸிலிருந்து தொடங்கலாம். 1941-ல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவரால் அதிக நேரம் நின்று வரைய முடியவில்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுப்பார்கள், அவர் வெட்டுவார், வெட்டியதைச் சுவரில் ஊசி குத்தி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். இதை அப்படியே வகுப்பில் செய்யலாம். முதல் நாள் தாள் முழுக்க ஒரே வண்ணம் பூசுவது, அடுத்த வகுப்பில் வெட்டுவது. கடையில் விற்கும் வண்ணத்தாள் வேண்டாம், பூசுகிற சுகம் போய்விடும். தாளுக்குப் பஞ்சமா நம் ஊரில்? ஒரு முகூர்த்த மாதம் முடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் கல்யாணப் பத்திரிகை கட்டுக் கட்டாகக் கிடக்கும். நல்ல தடித்த அட்டை, பின்பக்கம் வெள்ளை. கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். எல்கேஜிப் பிள்ளைகள் கையால் கிழித்தாலே போதும்.

முக்கியமான விஷயம், பசையைக் கடைசி வரை கொடுக்காதீர்கள். பசை கைக்கு வந்ததும் பிள்ளை ஒட்டிவிட்டு எழுந்து போய்விடும். பசை இல்லாவிட்டால் நகர்த்திப் பார்க்கும், திருப்பி வைக்கும், பக்கத்துப் பிள்ளையின் துண்டைக் கேட்டு வாங்கும். மத்தீஸ் செய்த வேலையில் பெரும்பகுதி அந்த நகர்த்தல்தான். எல்லாம் முடிந்த பிறகு அவருடைய ‘நத்தை’யைக் காட்டுங்கள். 1953-ல் செய்தது, நீளமும் அகலமும் 9 அடிக்கு மேல். செல்போனில் பார்த்தால் அது உள்ளங்கை அளவு. அதனால் பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் அந்த அளவுக்கு ஒரு சதுரம் போட்டு, பிள்ளைகளை உள்ளே உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்து ஜாமினி ராய். வங்காளத்துக்காரர், 1887-ல் பிறந்து 1972 வரை வாழ்ந்தவர். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையைப் படித்துத் தேர்ந்தவர், அதை ஒதுக்கிவிட்டுக் துணியிலும் தாளிலும் கதைகளைப் படமாக வரையும் கிராமத்து ஓவியர்களின் வழிக்கு வந்தார். கடைச் சாயத்தை விட்டுவிட்டு மண், கரி, சுண்ணாம்பு என்று கைக்குக் கிடைத்ததில் நிறம் எடுத்தார்; அதைப் பிடித்துவைக்கப் புளியங்கொட்டைப் பசை. நம் வீட்டுப் பரணில் புளிப்பானை இருக்கும்போது இதைவிடச் சுலபமான பாடம் எது? கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, பொடித்து, தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை. அடுப்பு வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலிருந்து செம்மண் எடுத்து வந்து துணியில் சலிப்பார்கள், அடுப்புக்கரியை நுணுக்குவார்கள். மஞ்சள் சமையலறையில் இருக்கிறது. ஆரத்திக்குக் கரைக்கிற மாதிரி மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு வரும். சுண்ணாம்பு சின்னக் கைகளுக்கு ஆகாது, டீச்சர் கலக்கிக் காட்டட்டும். நிறம் மாறும்போது வகுப்பே கத்தும். அந்தச் சத்தத்துக்காக யாரையும் அதட்டாதீர்கள். அப்புறம் ஜாமினி ராயின் இலை போல நீண்ட கண்களைக் காட்டுங்கள். அந்தச் சிவப்பும் கறுப்பும் எங்கிருந்து வந்திருக்கும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

ரஸா பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கதையில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் வருகிறார். சையத் ஹைதர் ரஸா 1922-ல் மத்தியப் பிரதேசத்துக் காட்டுப்புறக் கிராமத்தில் பிறந்தவர். வகுப்பில் மனம் நிற்காத பையன். ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிரு என்றார். பின்னாளில் பாரீஸில் நெடுங்காலம் வாழ்ந்த ரஸா தன் பெரிய ஓவியங்களின் நடுவே வைத்த கறுப்பு வட்டத்துக்கு அந்தச் சுவர்ப்புள்ளியைத்தான் காரணமாகச் சொன்னார். ஒரு புள்ளி வைத்துக் கொடுத்து, அதைச் சுற்றி வருவதெல்லாம் உன் இஷ்டம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். வாசலில் கோலப்புள்ளி பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது புதிதல்ல. அப்பத்தாவோ ஆயாவோ ஒரு நாள் பள்ளிக்கு வந்து நடுவீட்டுக் கோலம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. அரிசிமாவில் நனைத்த துணி விரலிடுக்கிலிருந்து கோடாக இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நம் ஊர்ப் பெரிய வீடுகளின் சுவரில் லட்சுமி, சரஸ்வதி படங்கள் தொங்குகின்றனவே, அவற்றில் பல ரவிவர்மாவின் அச்சுப்படங்கள். 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியாகத்தான் அவர் ஓவியம் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படத்தை வரைந்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, முதலில் மஞ்சள் ஒற்றி, அதே இடத்தில் சிவப்பு ஒற்றச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது. உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த பிள்ளை, வீட்டுச் சரஸ்வதியை உற்றுப் பார்க்கும். அந்த வாரமே பூப்போட்ட தரைக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட்டை ஊற்றுகிறார்கள், பிறகு அச்சை எடுத்துவிட்டு மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு மூடுகிறார்கள். பூ கீழே பார்த்தபடி கிடக்கும். கண்ணாடியை எடுத்தால்தான் முகம் தெரியும். பார்ப்பதோடு சரி, சிமென்ட் தோலை அரிக்கும், தொட விட வேண்டாம்.

இன்னும் சில உண்டு. மைதாப் பசையில் நிறம் கலந்து, தடிமனாகப் பூசி, சீப்பால் சுழித்தால் வான்கோவின் இரவு வானம் பிடிபடும். பெஞ்சுக்கு அடியில் தாளை ஒட்டி, பிள்ளையைப் படுக்க வைத்து வரையச் சொன்னால் மைக்கேலாஞ்சலோ என்கிறார்கள். அவர் சாரத்தில் நின்று, கழுத்தை வளைத்துத்தான் தேவாலய விதானத்தில் தீட்டினார். ஆனாலும் கை கடுக்கும் என்பது புரிகிறதே, நடக்கட்டும். ஜாக்சன் பொல்லாக் போலச் சாயத்தைத் தெளிப்பதை மட்டும் உங்கள் ஆத்தங்குடித் தரையில் வேண்டாம். அந்தக் கல் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், தாளாளர் அய்யா என்னைத்தான் தேடுவார். வேப்ப மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம். சுற்றுலா என்றால் தீம் பார்க்குக்குப் பதில் ஒரு தடவை சித்தன்னவாசல் போங்கள். 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குள ஓவியம், மீனும் யானையும் அன்னமுமாக, புதுக்கோட்டை தாண்டியதும் இருக்கிறது.

தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லையே என்பீர்கள். இதற்குத் தேவையில்லை. வரையத் தெரியாத டீச்சர்தான் தோது, பிள்ளையின் தாளைத் திருத்த மாட்டார். சிலபஸ் முடியாது என்பீர்கள். மாதத்துக்கு ஒரு ஓவியர், பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பீரியட். அவ்வளவுதான் கேட்கிறேன். பெற்றோரிடமிருந்து வரும் புகார்தான் கொஞ்சம் சிரமம்: என் பிள்ளையின் படம் ஏன் இப்படிக் கிறுக்கலாக இருக்கிறது என்பார்கள். அழகாகக் காட்ட வேண்டும் என்ற அந்தப் பயத்தில்தான் ஜெராக்ஸ் வகுப்புக்குள் வருகிறது. ஆண்டு விழாவில் பிள்ளைகளையே நிறுத்தி, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். பெற்றோர் வாயடைத்துப் போவார்கள்.

போட்டி பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா வந்த பிறகு ஓவியத்துக்கு மரியாதை கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு வாங்கிய பிள்ளை அதே படத்தையே திரும்பத் திரும்பப் போடும். வாங்காதது அதோடு நிறுத்திவிடும். எல்லாப் படத்தையும் மாட்டுங்கள், பிள்ளையின் கண் எட்டும் உயரத்தில்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஆசிரியர் கூட்டம் போடும்போது சொல்லி அனுப்புங்கள். புளியங்கொட்டையும் பசை காய்ச்சும் சட்டியும் நானே கொண்டு வருகிறேன். கத்தரிக்கோல் மட்டும் பள்ளிக் கணக்கில் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருத்தி