உங்கள் வில்லிக்கு நோய்ப் பெயர் சூட்டுமுன்: தொடர் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதையும் வசனமும் எழுதும் நண்பர்களுக்கும், அவற்றை இங்கே கொழும்பில் ஒளிபரப்பும் சேனல்காரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வில்லிகள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், நாயகி அழத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவேன். வில்லி வந்தால் உட்கார்ந்துவிடுவேன். அவர் பட்டுச்சேலையோடு படுத்து எழும்பட்டும், பாலில் எதையாவது கலக்கட்டும், போலி டிஎன்ஏ அறிக்கை தயாரிக்கட்டும். அது உங்கள் உலகம், அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. என் முறைப்பாடு ஒரேயொரு காட்சியைப் பற்றியது. டாக்டர் வரும் காட்சி.

எந்தத் தொடர் என்று சொல்லப் போவதில்லை. மாமியாரின் சதி அம்பலமாகிறது. அவர் கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்தே சிரிக்கிறார். வீட்டுக்கு வந்த டாக்டர் ஐந்து நிமிடம் அவரோடு இருந்துவிட்டு, மகன், மருமகள், சம்பந்தி, சமையல்காரம்மா எல்லாரும் நிற்கும் கூடத்துக்கு வந்து அறிவிக்கிறார்: "இவங்களுக்கு நார்சிசிஸ்டிக் பெர்சனாலிட்டி டிஸார்டர்." இடி இடிக்கிறது. எல்லார் முகமும் மூன்று மூன்று தடவை வந்து போகிறது. (நோயாளியின் விவரத்தைச் சபை கூட்டிச் சொன்ன அந்த டாக்டரை யார் விசாரிப்பது என்பது வேறு கதை.)

நான் கொழும்பில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். அந்த டாக்டர் சொன்ன பெயரிலிருந்து வந்த 'நார்சிசிஸ்ட்', அதாவது தன்னையே பெரிதாக எண்ணுகிறவர், என்ற சொல் இப்போது வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வீட்டுக்கு வீடு கேட்கிறது. சீதனக் காணிச் சண்டையில் அண்ணன் நார்சிசிஸ்ட். கனடாவிலிருந்து காசு அனுப்ப மறந்த தம்பி நார்சிசிஸ்ட். செல்ஃபி எடுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையும் நார்சிசிஸ்ட். முன்பு இந்த நகரத்தில் ஒருவரை மட்டந்தட்ட "அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்பார்கள். தேசிய மனநல நிறுவனம் அங்கே இருப்பதுதான் காரணம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களை இன்றும் பார்க்கிறேன். இப்போது நீங்கள் புதிதாக ஒரு வசவைக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் டாக்டர் வாயால்.

சரி, அந்த டாக்டர் சொன்னது சரியா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தக் கோளாறு 1980இல் இடம்பிடித்தது. இன்று அதில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன: தன்னைப் பற்றிய ஊதிப்பெருத்த எண்ணம், எல்லையில்லாத வெற்றியைப் பற்றிய கனவு, தான் தனி ரகம் என்ற நம்பிக்கை, ஓயாத பாராட்டுக்கான ஏக்கம், எல்லாம் தனக்கு உரியது என்ற எதிர்பார்ப்பு, பிறரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அடுத்தவர் மனதை உணராமை, பொறாமை, திமிர். இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதுவும் ஏதோ ஒரு சண்டையில் எட்டிப் பார்த்தால் போதாது. இளம் வயதிலிருந்தே, வீடு, வேலைத்தலம், நட்பு என்று பல இடங்களிலும் தொடர்ந்து தெரிய வேண்டும். கடத்தல், விஷம் வைத்தல், மாடிப்படியில் தள்ளிவிடுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. அவை குற்றங்கள், அதற்குப் பொலிஸ் இருக்கிறது.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நார்சிசிஸ்டிக் கோளாறு என்று தனி வகையே கிடையாது. ஆளுமைக் கோளாறு எவ்வளவு கடுமையானது, எந்தெந்தக் குணங்கள் தூக்கலாக இருக்கின்றன என்றுதான் அது பார்க்கிறது. மருத்துவர்களே இவ்வளவு யோசித்து வைக்கும் பெயரை உங்கள் டாக்டர் விளம்பர இடைவேளைக்கு முன் சொல்லிவிடுகிறார்.

பெண்களைப் பற்றியும் கேட்க வேண்டும். அந்த அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இந்தக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்படுகிறவர்களில் 50 முதல் 75 சதவீதம் வரை ஆண்கள். உங்கள் தொடரில் அந்த ஆண் எங்கே? சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டு, "ஏம்மா சண்டை போடுறீங்க" என்று கேட்டுவிட்டு ஒஃபிசுக்குப் போய்விடுகிறார். அவரைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்களேன். வேண்டுமானால் நானே ஒரு காட்சி தருகிறேன், காசு வேண்டாம்.

பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண மண்டபம். மாப்பிள்ளையின் பெரியப்பா வருகிறார். அழைப்பிதழில் அவர் பெயருக்குப் பின்னால் 'ஜே.பி.' (சமாதான நீதவான்) என்ற பட்டம் விடுபட்டிருக்கிறது. அவர் கத்தவில்லை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரிக்கிறார். சாப்பிடாமல் கிளம்புகிறார். வீட்டில் அன்றிலிருந்து தம்பியின் பெயர் எடுக்கப்படுவதில்லை. மனைவி தம்பி மனைவியோடு ஃபோனில் கதைப்பதாக இருந்தால் குளியலறைக்குள் போய்த்தான் கதைக்கிறாள். அவர் வாசலில் திறப்பை மேசையில் வைக்கும் சத்தத்திலேயே பிள்ளைகள் டிவியை நிறுத்துவதா விடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். மகளின் உயர்தரப் பெறுபேறு வருகிறது. மூன்று ஏ என்றால் "என்ட மகள் எண்டால் சும்மாவா". ஒரு பி வந்ததும், "தாயின்ட மூளை". மகள் அழுகிறாள், இவள் ஏன் அழுகிறாள் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இரவு ஒரு மணிக்கு, எல்லாரும் தூங்கிய பிறகு, அவர் அலுமாரியைத் திறந்து தன் பழைய பாராட்டுப் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்.

இதில் எந்த டாக்டரும் வரத் தேவையில்லை. ஒரு சொல் விடுபட்டதற்கு ஏன் இவ்வளவு என்று பார்ப்பவர்களே கேட்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது: மேலே பெருமை தெரியும், அடியில் வெட்கம் கிடக்கும். இதே கோளாறு திமிராக இல்லாமல், எப்போதும் புண்பட்டு, "என்னை ஒருவரும் மதிப்பதில்லை" என்று சுருண்டுகொள்ளும் வடிவத்திலும் வரும். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் போனாலும் இதற்காகப் போவதில்லை. வேலை போனது, மனைவி பிரிந்தது, தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றுதான் போவார்கள். ஹைன்ஸ் கோஹுட், ஒட்டோ கெர்ன்பெர்க் என்று இரண்டு பேர், இருவருமே வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற மருத்துவர்கள், இதைப் பற்றி வருடக்கணக்காக மாறுபட்டார்கள். கெர்ன்பெர்க் அதில் ஆத்திரத்தையும் பொறாமையையும் முன்னே வைத்தார். கோஹுட், சிறு வயதில் கிடைக்காமல் போன அரவணைப்பை முன்னே வைத்தார். கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே மனிதருக்கு இரண்டு முன்கதைகள்.

எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் கடைசி வார எபிசோடுகள். நோய் என்று தெரிந்ததும் எல்லாரும் உருகுகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், மாமியார் அழுகிறார், கோயிலில் எல்லாரும் சேர்ந்து நிற்கிறார்கள். இந்தக் கோளாற்றைக் குணமாக்க என்று ஒரு மாத்திரை கிடையாது. இருப்பது நீண்ட காலப் பேச்சுச் சிகிச்சை, அதுவும் அவர் தானாக வந்து உட்கார்ந்தால். அதைவிட மோசம், அழுதுகொண்டு வரும் மருமகளுக்கு இங்கே கிடைக்கும் புத்திமதி: "அது ஒரு வருத்தம் பிள்ளை, நீதான் பொறுத்துப் போகவேணும்." இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடலில் விழும் அடியை மட்டும் பார்ப்பதில்லை, தொடர்ந்து இழிவுபடுத்தும் கொடுமையான நடத்தையையும் கணக்கில் எடுக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கேட்கப் போகிறவள், முதலில் கணவனுக்கோ மாமிக்கோ என்ன கோளாறு என்று கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கொடுமை செய்கிற எல்லாருக்கும் இந்தக் கோளாறு இல்லை, இந்தக் கோளாறு உள்ள எல்லாரும் கொடுமை செய்வதும் இல்லை.

ஆகவே, எழுதுகிறவர்களுக்கு: டாக்டர் காட்சியை வெட்டுங்கள். வெட்ட முடியாதென்றால், படப்பிடிப்புக்கு முன் அந்தப் பக்கங்களை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்டரை நோயாளியோடு மட்டும் கதைக்க விடுங்கள். இங்குள்ள சேனல்களுக்கு: திரையில் சிகரெட் வந்தால் மங்கலாக்கிக் காட்டத் தெரிந்த உங்களுக்கு, இப்படி ஒரு காட்சி வரும்போது அடியில் இரண்டு இலக்கங்களை ஓடவிடுவது பெரிய வேலை இல்லை. தேசிய மனநல உதவிச் சேவை 1926. பெண்களுக்கான உதவிச் சேவை 1938. தமிழில் போடுங்கள், விளம்பரத்துக்கு அடியில் மறைந்துபோகாத இடத்தில்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் உளவளத்துணையாளர்