முதலில் தங்கச்சியின் பெயரில் புள்ளிக் கணக்குப் போடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நீ கேட்டிருப்பது உன் வீட்டில் இருக்கும் நாலு பேருடைய வாழ்க்கையைப் பற்றி. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"கனடாவா, ஆஸ்திரேலியாவா, ஜெர்மனியா? பிஆர், அதான் நிரந்தரமாகத் தங்கும் உரிமை, எங்கே சுலபம்?" என்று கேட்டிருக்கிறாய். கிளம்புவதற்கு முன்னால் நானும் இப்படித்தான் நாட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இப்போது என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் இருவரில் யார் பெயரில் விண்ணப்பிப்பது? உன் கடிதம் முழுக்க உன் படிப்பு, உன் கணக்காளர் வேலை, உன் அனுபவம். எனக்குத் தங்கச்சி மாதிரியான உன் மனைவி எட்டு வருடமாக நர்ஸாக இருப்பதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய். எனக்கென்னவோ உங்கள் குடும்பத்துக்கான வழி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நான் வந்து சேர்ந்த கனடாவையே எடுத்துக்கொள். 2015-இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்து 1,200-க்குப் புள்ளி போடுகிறார்கள். அதிகப் புள்ளி உள்ளவர்களைச் சுற்றுச் சுற்றாக அழைக்கிறார்கள். கணவன் மனைவியாகப் போகும்போது வயதுக்கு அதிகபட்சம் 100 புள்ளி. முப்பதிலிருந்து வருடத்துக்கு 5 குறையும். உனக்கு 38, அதனால் 55. தங்கச்சிக்கு 33, அதனால் 80. நாற்பதைத் தாண்டினால் பத்துப் பத்தாகச் சரிந்து, 45 வயதில் ஒன்றும் மிஞ்சாது. விண்ணப்பத்தில் பெயரை மாற்றிப் போட்டாலே வயதில் மட்டும் 25 புள்ளி கூடுகிறது.

அதோடு, 2023 முதல் சில துறைகளுக்கென்று தனிச் சுற்றுகள் நடத்துகிறார்கள். மருத்துவப் பணி அதில் ஒன்று. உன் வேலைக்கு அப்படி ஒன்று இல்லை. மாகாணங்களும் நர்ஸ்களைத் தேடுகின்றன. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக ஒரு மாகாணம் பரிந்துரைத்துவிட்டால் 600 புள்ளி சேரும். அப்புறம் அழைப்பு வராமல் போவது அரிது.

இதில் உனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதன்மை விண்ணப்பதாரர் என்பது படிவத்தில் மட்டும்தான். போய் இறங்கிய நாளிலிருந்து உனக்கும் அவளுக்கும் ஒரே உரிமை; நீயும் முதல் நாளே வேலை தேடலாம். தேடித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் பிஆர் கிடைப்பது வேறு, நர்ஸ் வேலைக்கான உரிமம் வேறு. அந்தந்த மாகாணத்தின் நர்ஸிங் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செவிலியர் என்றால் என்க்ளெக்ஸ் ஆர்என் தேர்வும் எழுத வேண்டும். இந்த வேலையை இங்கே வந்த பிறகு தொடங்கிய நர்ஸ்கள் எனக்குத் தெரிந்தே வருடக்கணக்கில் வேறு வேலை பார்த்தார்கள். சான்றிதழ் சரிபார்ப்பை அங்கிருக்கும்போதே தொடங்கச் சொல். முதல் வருடம் வீட்டைத் தாங்குவது உன் பொறுப்பு என்று வைத்துக்கொள்.

ஆஸ்திரேலியாவிலும் கணக்கு இதே திசையில்தான் போகிறது. குறைந்தது 65 புள்ளி வேண்டும், 45 வயதுக்குள் அழைப்பு வர வேண்டும். 25 முதல் 32 வரைதான் வயதுக்கு முழு 30 புள்ளி. தங்கச்சி அதை இப்போதுதான் தாண்டியிருக்கிறாள், 25 கிடைக்கும். யாருடைய பரிந்துரையும் தேவைப்படாத 189 விசாவையே எல்லாரும் பார்த்து ஏங்குகிறார்கள். நீ 190, 491 இரண்டையும் பார். மாநிலம் பரிந்துரைக்கும் 190-இல் 5 புள்ளி கூடும். பெருநகரங்களுக்கு வெளியே வாழச் சம்மதிக்கும் 491-இல் 15 கூடும். 491 தற்காலிக விசாதான். ஆனால் நிபந்தனைப்படி மூன்று வருடம் இருந்துவிட்டால் 191 வழியாக நிரந்தர உரிமைக்குப் போகலாம். பெரிய நகரம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் உனக்கு இல்லையென்றால் இது நல்ல வழி.

ஜெர்மனியில் 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது வேலை தேடுவதற்கான அனுமதி, நிரந்தர உரிமை இல்லை. அங்கே தங்கச்சியின் நர்ஸிங் படிப்பை அங்கீகரிக்க வைத்து, ஜெர்மன் மொழியில் பொதுவாகப் பி2 என்ற மேல் இடைநிலை வரை படிக்க வேண்டியிருக்கும். முடித்துவிட்டால் திறன் பணியாளராக மூன்று வருடத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கேட்கலாம். மொழி படிக்க இருவருக்கும் ஆசை இருந்தால் மட்டும் யோசி. அமெரிக்காவை இப்போதைக்கு விட்டுவிடு. வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதிலும் பொதுவாக ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம்தான் என்ற வரம்பு இருக்கிறது. அதனால் நீண்டு கிடக்கும் வரிசையில் உன் வயதை நிறுத்தி வைக்க எனக்கு மனம் இல்லை.

சரி, இனி காரியத்துக்கு வருகிறேன். முதல் காரியம் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. தங்கச்சி கேட்பதில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுக்க வேண்டும். எழுத்தில் 7-க்குப் பதில் 6.5 வந்தால் அரைப் புள்ளிதானே என்று தோன்றும். கனடாவின் மொழிப் புள்ளியில் 7 போகும். அதோடு, மொழியையும் அனுபவத்தையும் சேர்த்துப் போடும் புள்ளியில் 25 போகும், மொழியையும் படிப்பையும் சேர்த்துப் போடுவதிலும் குறையும். முதுகலை படித்தவருக்கு எல்லாம் சேர்ந்து ஐம்பதுக்கு மேல் காணாமல் போகும். மூன்று மாதம் எழுத்துக்கு மட்டும் ஒதுக்கச் சொல். அந்த நேரத்தில் குழந்தைகளை நீ பார்த்துக்கொள்.

இரண்டாவது காரியம், அனுபவக் கடிதம். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்த கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை. நான் முன்பு வேலை பார்த்த நிறுவனம் கொடுத்த கடிதத்தில் என் பதவியும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டும் இருந்தன, மொத்தம் நாலு வரி. என்னென்ன வேலை செய்தேன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்று எதுவும் இல்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால், "இதுதான் எங்கள் வழக்கம்" என்றார்கள். சரியான கடிதம் கைக்கு வருவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. நடுவில் என் பிறந்தநாளும் வந்து வயதுப் புள்ளியைத் தின்றுவிட்டது. விண்ணப்பம் திரும்பி வந்த அன்று மாலை கையில் அந்த நாலு வரிக் கடிதத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்தவன் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. தங்கச்சி வேலை பார்த்த ஒவ்வொரு மருத்துவமனையிலும் இந்த விவரங்களை எல்லாம் கேட்டு, லெட்டர்ஹெட்டில் மேலதிகாரியின் கையெழுத்தோடு இப்போதே வாங்கிவிடுங்கள்.

உன்னிடம் பணம் கேட்ட ஏஜெண்ட் விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அங்கே வேலை தருவதாக ஒரு நிறுவனம் எழுதும் வேலைக் கடிதம் ஏற்பாடு செய்தால் 50 புள்ளி ஏறும் என்று சொன்னாராம். கனடா 2025 மார்ச் 25-ஆம் தேதியே வேலைக் கடிதத்துக்கான புள்ளிகளை எடுத்துவிட்டது. போலிக் கடிதங்களை விற்பதைத் தடுக்கத்தான் எடுத்தார்கள். இல்லாத ஒன்றுக்குப் பணம் கேட்கிறார் அவர். விண்ணப்பத்தில் பொய் இருந்தால் ஐந்து வருடத் தடை. ஏஜெண்ட் எழுதினார், எனக்குத் தெரியாது என்றால் எடுபடாது. உதவி வேண்டுமென்றால் உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ வக்கீலிடமோ போ. கனடாவில் ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்த்தாலே உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் விஷயம் சிக்கலானது இல்லை, நீங்களே செய்யலாம்.

நிதானமாகச் செய், ஆனால் தள்ளிப்போடாதே. 2025-க்கு 5 லட்சம் பேரை நிரந்தரமாக ஏற்பதாக முதலில் சொன்ன கனடா, பிறகு அதை 3,95,000 ஆகக் குறைத்தது. 2026-க்கு 3,80,000. கதவு மூடவில்லை, ஒடுங்கியிருக்கிறது.

கடைசியில் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் விண்ணப்பத்தில் அம்மாவைச் சேர்க்க முடியாதுடா. பெற்றோரை ஸ்பான்சர் செய்யும் திட்டத்தில் இதுவரை குலுக்கல் முறையில்தான் அழைத்திருக்கிறார்கள், அதை நம்பித் திட்டம் போட முடியாது. சூப்பர் விசா இருக்கிறது. ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம், மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். கிளம்பும் முன்பே இதை அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடு. "போனதும் கூட்டிக்கொள்கிறேன்" என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பா படுத்த படுக்கையானபோது நான் நாலு முறை வந்து போனேன். ஐந்து வருடத்தில் 730 நாள் இங்கே இருந்தால்தான் பிஆர் நிலைக்கும். எங்கள் சமையலறைக் காலண்டரில் வெளியே இருந்த நாட்களை எல்லாம் என் மனைவி சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருப்பாள். அப்பாவின் கடைசி மாதம் முழுக்கச் சிவப்பு. நாட்கள் போதுமானதாக இருந்ததால் அந்த மாதம் அவர் பக்கத்தில் இருக்க முடிந்தது. அந்தக் காலண்டரை இன்னும் தூக்கிப் போடவில்லை.

தங்கச்சியின் வேலை விவரங்களை எழுதி அனுப்பு. அனுபவக் கடிதத்தின் வரைவையும் கையெழுத்து வாங்குவதற்கு முன் எனக்குக் காட்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். போனை அவளிடமும் கொடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்